காலை ஐந்தரைக்கு முன் ஊற்றிய பால்: ஒரு கணக்குச் செயலி உருவான விதம்

42 வீட்டுக்குப் பால் ஊற்றும் ஒருவரின் மாதக் கணக்கு. நோட்டில் எழுதியதும் செயலி போட்டதும் மூன்றாவது மாதத்தில்தான் ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் ஒத்துவந்தன. முதல் மாதம் சில வீடுகளின் ‘இன்று வேண்டாம்’ குறிப்பு முந்தைய நாளில் போய் விழுந்திருந்தது. இரண்டாம் மாதம் பால் விலை ஏறியதும், ஏற்றத்துக்கு முந்தைய நாட்களின் தொகையும் சேர்ந்து ஏறியது. இரண்டுமே பெரிய தொழில்நுட்பச் சிக்கல்கள் அல்ல. ஆண்ட்ராய்டு எழுதக் கற்பவர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைகள்தாம். பயிற்சிக்கென்று ‘செய்ய வேண்டியவை’ பட்டியல் செயலி எழுதினால் இவை தலைகாட்டவே மாட்டா. உண்மையான கணக்கும் உண்மையான ஆளும் இருந்தால் முதல் வாரமே வந்து நிற்கும். செய்த வரிசையில், தப்பிய இடங்களோடு, பதிவு இது.

கருவிகள்

8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினி. செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இதில் ஓடும். கணினித் திரையிலேயே போனைப் போல இயங்கும் எமுலேட்டரையும் சேர்த்துத் திறந்தால் திணறும். அதனால் எமுலேட்டரை முதல் நாளே ஒதுக்கிவிட்டு இரண்டு போன்களில் மட்டும் சோதனை: பால்காரர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு 7 போன், 2 ஜிபி ரேம்; இன்னொன்று ஆண்ட்ராய்டு 15 போன். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று வைத்துக்கொண்டது பின்னால் பலமுறை கைகொடுத்தது. ஒன்றில் வரும் பிழை மற்றதில் வராது.

போனைத் தயார் செய்ய, செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டிபக்கிங்கை, அதாவது கணினியிலிருந்து செயலியைப் போனில் ஏற்றிச் சோதிக்கும் வசதியை, இயக்க வேண்டும். போன் சார்ஜ் ஏறுகிறது, ஸ்டூடியோவில் மட்டும் பெயர் வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் தரவுக் கம்பிகள் இருக்காது. இது தெரியாமல் டிரைவரை மாற்றி மாற்றி நிறுவி அரை நாள் வீணானது. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேற்பட்ட போன் என்றால் வைஃபை வழியாகவே டிபக்கிங் செய்யலாம்.

மொழி கோட்லின், திரைக்கு ஜெட்பேக் கம்போஸ், சேமிப்புக்கு ரூம் (போனில் உள்ள எஸ்கியூலைட் டேட்டாபேஸைக் கையாளும் லைப்ரரி). புதிய திட்டம் தொடங்கும்போது ‘எம்ப்டி ஆக்டிவிட்டி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எம்ப்டி வியூஸ் ஆக்டிவிட்டி’ என்று இன்னொன்று இருக்கும். அது பழைய எக்ஸ்எம்எல் திரைமுறை. செயலியின் தனி அடையாளமான பேக்கேஜ் பெயரை அங்கேயே யோசித்து வையுங்கள். தானாக வரும் ‘காம்.எக்சாம்பிள்’ பெயரைப் பிளே ஸ்டோர் ஏற்காது. ஒருமுறை வெளியிட்ட பின் பெயரை மாற்றவும் முடியாது. செயலி ஓடக்கூடிய மிகப் பழைய பதிப்பைக் குறிக்கும் குறைந்தபட்ச எஸ்டிகே 24, அதாவது ஆண்ட்ராய்டு 7.

லைப்ரரிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) இறக்கித் திட்டத்தைத் தயார் செய்யும் முதல் கிரேடில் சிங்க் நீண்ட நேரம் எடுக்கும், நிறைய தரவிறக்கும். மொபைல் டேட்டாவில் தொடங்க வேண்டாம். 8 ஜிபி கணினியில் பில்ட் (நிரலைச் செயலியாக்கும் வேலை) நடக்கும்போது பிரவுசரை மூடி வைப்பது எந்த அமைப்பு மாற்றத்தையும்விடப் பலன் தந்தது.

இங்கே நடந்த முதல் தவறு, வெவ்வேறு ஆண்டுகளில் எழுதிய வழிகாட்டிகளிலிருந்து லைப்ரரி வரிகளை எடுத்து ஒட்டியது. கோட்லின் 2.0 முதல் கம்போஸ் கம்பைலர் கோட்லினோடு சேர்ந்தே, ஒரு பிளகினாக வருகிறது. அதற்கு முந்தைய வழிகாட்டிகள் கம்பைலர் எக்ஸ்டென்ஷன் பதிப்பு என்று தனி வரி எழுதச் சொல்லும். இரண்டையும் கலந்தால் பில்ட் குழம்பும். ரூமுக்கு வேண்டிய நிரலைத் தானாக எழுதும் கேஎஸ்பி கருவியின் பதிப்பும் கோட்லின் பதிப்பும் பொருந்தவும் வேண்டும். ஸ்டூடியோ உருவாக்கிக் கொடுத்த திட்டத்தில் உள்ள பதிப்புகளை அப்படியே விட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு லைப்ரரி சேர்த்து, பில்ட் ஆனதும், நிரல் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் பதிந்துவிட்டு அடுத்ததைத் தொடுவது என்று வைத்துக்கொண்ட பிறகு தொல்லை நின்றது.

திரையும் நிலையும்

முதல் திரையில் ஒரு வீட்டின் பெயரும் கூட்டல், கழித்தல் பட்டன்களும் மட்டும். பட்டனைத் தட்டினால் அளவு 250 மி.லி. கூட வேண்டும். சாதாரண மாறியில் அளவை வைத்தால் தட்டினாலும் திரை மாறாது. மாறியை யாரும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை என்பதால் கம்போஸ் மறுபடி வரைவதே இல்லை. ‘மியூட்டபிள் ஸ்டேட் ஆஃப்’ என்று எழுதி, அதை ‘ரிமெம்பர்’ உள்ளே வைத்தால் வேலை செய்யும். போனைப் பக்கவாட்டில் திருப்பினால் அளவு மீண்டும் பழையபடி. திருப்பும்போது ஆக்டிவிட்டி, அதாவது திரையைத் தாங்கும் பகுதி, அழிந்து புதிதாகப் பிறக்கிறது. ரிமெம்பர் அந்தப் பிறப்பைத் தாண்டாது. ‘ரிமெம்பர் சேவபிள்’ தாண்டும்.

அடுத்தது பட்டியல். சாதாரண மியூட்டபிள் லிஸ்டில் ஒரு வீட்டைச் சேர்த்தால் பட்டியல் நீளுகிறது, திரையில் தெரிவதில்லை. உள்ளே மாற்றினாலும் பட்டியல் அதே பொருளாகவே இருப்பதால் மாற்றம் நடந்தது கம்போஸுக்குத் தெரியாது. வீட்டு விவரங்களைக் கட்டிவைக்கும் டேட்டா கிளாஸில் எல்லாப் புலத்தையும், மாற்ற முடியாத ‘வால்’ (val) என்றே எழுதி, மாற்றம் வேண்டுமென்றால் ‘காப்பி’ எடுத்துப் புதுப் பொருளாகவே கொடுப்பது என்ற பழக்கத்துக்கு வந்த பின் இந்த வகைப் பிழை மறுபடி வரவில்லை. நீளும் பட்டியலைக் காட்டும் லேசி காலமில் ஒவ்வொரு வரிக்கும் வீட்டு எண்ணையே ‘கீ’ ஆகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், வரிசை மாறும்போது ஒரு வீட்டில் திறந்து வைத்த பெட்டி அடுத்த வீட்டில் திறந்து நிற்கும்.

திரையின் தோற்றத்துக்கு அதிக நேரம் செலவிடவில்லை. அதிகாலை இருட்டு, ஈரக் கை என்பதால் கருந்திரை. ஒவ்வொரு வரிக்கும் 64 டிபி (திரை அடர்த்தியைச் சாராத அளவலகு) உயரம். பரிந்துரைக்கப்படும் குறைந்தபட்ச அளவு 48 டிபி. எண்ணைத் தட்டச்சு செய்ய விடவே இல்லை. கால், அரை, முக்கால், ஒன்று என்று நான்கு பட்டன்கள் போதும்.

அட்டவணை: எதைச் சேமிப்பது

ஒரு வாரம் போன இடம் இது. முதல் வடிவம் எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான்: ஒரு வீடு, ஒரு நாள், ஒரு வேளை என்றால் ஒரு பதிவு. 42 வீடு, 2 வேளை, 30 நாள் என்றால் மாதம் 2,520 பதிவுகள். டேட்டாபேஸுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பால் ஊற்றிக்கொண்டே ஒரு வேளைக்கு 42 முறை தட்டுவது யாராலும் ஆகாது. நான்காம் நாளே நோட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அவருடைய நோட்டைப் பார்த்தால் விடை அதிலேயே இருந்தது. அவர் தினமும் எழுதுவதில்லை. ‘முக்கால் வாடிக்கை’ என்று மேலே ஒருமுறை எழுதிவிட்டு, மாறிய நாளை மட்டும் குறிக்கிறார். அதையே அட்டவணையாக்கினால் போதும். வீடுகளுக்கு ஒரு அட்டவணை: பெயர், தெரு வரிசை எண், நிறுத்திய நாள். வாடிக்கை அளவுக்கு ஒன்று: வீடு, வேளை, மில்லிலிட்டர், எந்த நாள் முதல். மாறுதலுக்கு ஒன்று: வீடு, நாள், வேளை, அன்று ஊற்றிய அளவு. வேண்டாம் என்றால் அளவு 0. ஒரு நாளைக்கு நாலைந்து தட்டுக்கு மேல் தேவைப்படவில்லை.

மாறுதல் அட்டவணையில் வீடு, நாள், வேளை மூன்றையும் சேர்த்தே முதன்மைச் சாவியாக, அதாவது ஒரு பதிவைத் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பாக, வையுங்கள். தானாக ஏறும் எண்ணைச் சாவியாக வைத்தபோது இரண்டு முறை தட்டினால் இரண்டு பதிவு விழுந்தது. மூன்றும் சேர்ந்த சாவியும் ‘அப்செர்ட்’ (இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்) கட்டளையும் இருந்தால் இரண்டாவது தட்டு முதலாவதைத் திருத்தும், அவ்வளவுதான்.

வீட்டை நீக்குவதற்கு நீக்கு கட்டளை தரவில்லை. வீடு போனால் அதன் பழைய கணக்கும் சேர்ந்து போகும். பாக்கி கேட்க ஆதாரம் இருக்காது. அதனால்தான் நிறுத்திய நாள் என்ற புலம். தெரு வரிசை எண்ணை 10, 20, 30 என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால் நடுவில் புது வீடு வரும்போது 25 என்று நுழைக்கலாம். பட்டியலை அகர வரிசையில் காட்டுவது இந்தத் தொழிலுக்குப் பயனற்றது. வண்டி போகும் வரிசைதான் வரிசை.

ரூமில் இரண்டு இடத்தில் செயலி விழுந்தது. திரையை வரையும் மெயின் த்ரெட்டிலேயே டேட்டாபேஸைத் தொட்டால் ரூம் பிழை எறிந்து நிறுத்திவிடும். அதைத் தடுக்கும் அனுமதி வரி ஒன்று உண்டு, அதைச் சேர்க்காதீர்கள். எழுதும் செயல்களைப் பின்னணியில் ஓடக்கூடிய ‘சஸ்பெண்ட்’ ஆக்கி, படிப்பதை ‘ஃப்ளோ’ ஆக வாங்குவதே வழி. ஃப்ளோவாக வாங்கினால் அட்டவணை மாறிய நொடியில் திரையும் தானே மாறும். இன்னொன்று, தெரு வரிசை எண் புலத்தைப் பின்னால் சேர்த்தபோது: அட்டவணை வடிவம் மாறியும் பதிப்பு எண்ணை ஏற்றவில்லை, செயலி திறந்ததும் விழுந்தது. வழிகாட்டிகள் பலவும் இதற்குச் சொல்வது ‘டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன்’. பெயரே சொல்கிறது, பழைய தரவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். கணக்குச் செயலியில் அதற்கு இடமில்லை. பதிப்பை 1இலிருந்து 2ஆக்கி, ‘ஆல்ட்டர் டேபிள்’ வரி ஒன்றை மைக்ரேஷனில் (பழைய அட்டவணையைப் புது வடிவுக்கு மாற்றும் பகுதியில்) எழுத வேண்டும். புதுப் புலம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று அறிவித்திருந்தால் அந்த வரியில் இயல்பு மதிப்பும் கொடுக்க வேண்டும். எஸ்கியூலைட் இல்லாமல் ஏற்காது.

பணம்

தசம எண்ணில் பணத்தை வைக்காதீர்கள். விலை பைசாவில், அளவு மில்லிலிட்டரில், இரண்டுமே முழு எண். லிட்டர் ரூ. 52 என்றால் 5200. முக்கால் லிட்டர் என்றால் 750. ஒரு நாள் தொகை, 750ஐ 5200ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 3900 பைசா, ரூ. 39. பெருக்கல் முதலில், வகுத்தல் பிறகு. முதலில் எழுதிய வரி 750ஐ 1000ஆல் வகுத்துவிட்டுப் பெருக்கியது. முழு எண் வகுத்தலில் 750ஐ 1000ஆல் வகுத்தால் 0. ஒரு லிட்டர் வாங்கும் வீடுகளுக்கு மட்டும் சரியான தொகையும் மற்ற வீடுகளுக்குப் பூச்சியமும் வந்தது. சோதனைக்கு ஒரு லிட்டர் வீட்டை மட்டும் எடுத்திருந்தால் கண்ணில் பட்டே இருக்காது.

முழு ரூபாயாக்குவது மாதக் கடைசியில் ஒரே முறை. கால் லிட்டர் வீட்டுக்கு, லிட்டர் ரூ. 53 என்றால் நாளுக்கு ரூ. 13.25. நாளுக்கு நாள் முழுமையாக்கினால் 30 நாளில் ரூ. 390, உண்மைத் தொகை ரூ. 397.50.

இரண்டாம் மாதப் பிழை விலையில். லிட்டர் விலை செட்டிங்ஸில் ஒரே ஒரு எண்ணாக இருந்தது. மாத நடுவில் 52இலிருந்து 56 ஆக்கியதும் முதல் 15 நாளும் 56இல் கணக்காகின. முக்கால் லிட்டர் வீட்டுக்கு வர வேண்டியது 15 நாளுக்கு 585, அடுத்த 15 நாளுக்கு 630, ஆக ரூ. 1,215. செயலி காட்டியது ரூ. 1,260. விலைக்கும் தனி அட்டவணை போட்டு, ‘எந்த நாள் முதல்’ என்ற புலத்தோடு சேமித்த பின் சரியானது. கணக்கிடும்போது அந்த நாளுக்கு முன்போ அன்றோ தொடங்கிய விலைகளில் கடைசியானதை எடுக்க வேண்டும். மாறக்கூடிய எந்த எண்ணையும் தேதி இல்லாமல் சேமிக்கக் கூடாது என்பது இந்தச் செயலியில் இப்போது விதி.

ஐந்தரை மணி

முதல் மாதப் பிழைக்கு வருகிறேன். இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் ஆனது.

இன்று எந்த நாள் என்று அறிய எழுதியது ஒரே வரி: இப்போதைய நேரத்தை மில்லிவினாடியில் வாங்கி 8,64,00,000ஆல் வகுப்பது. ஒரு நாளுக்கு அத்தனை மில்லிவினாடி. விடை, 1970 ஜனவரி 1இலிருந்து எத்தனையாவது நாள் என்பது. மேசையில் உட்கார்ந்து மதியம் சோதித்தால் சரி, இரவு பத்து மணிக்குச் சோதித்தாலும் சரி. பால் ஊற்றும் நேரத்தில் மட்டும் தவறு. அந்த மில்லிவினாடி உலகப் பொது நேரமான யுடிசியில் எண்ணப்படுவது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இங்கே 12ஆம் தேதி காலை 4.50 என்றால் யுடிசியில் இன்னும் 11ஆம் தேதி இரவு 11.20. ஆக, காலை 5.30க்கு முன் தட்டியதெல்லாம் நேற்றைய கணக்கு.

மாதத் தொகை பெரும்பாலான வீடுகளில் மாறாததால் இது ஒளிந்துகொண்டது. ஒரு நாள் ‘வேண்டாம்’ என்பது 11இல் விழுந்தாலும் 12இல் விழுந்தாலும் கூட்டல் ஒன்றுதான். இரண்டு இடத்தில் மட்டும் பிடிபட்டது. 1ஆம் தேதிக் குறிப்பு போன மாதத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று: 11ஆம் தேதி காலை ஆறு மணிக்கு அரை லிட்டர் கூடுதல் என்று போட்ட வீட்டுக்கு 12ஆம் தேதி 4.50க்கு வேண்டாம் என்று போட்டபோது, இரண்டும் 11ஆம் தேதிக் காலை வேளை என்ற ஒரே சாவியில் மோதி, முந்தையது அழிந்தது.

திருத்தம் எளிது. ‘லோக்கல் டேட்’ வகையில், ஆசியா/கொல்கத்தா நேர மண்டலத்தைச் சொல்லி இன்றைய தேதியை வாங்கி, அதை நாள் எண்ணாக மாற்றிச் சேமிக்க வேண்டும். ஆனால் அந்த வகை ஆண்ட்ராய்டு 8இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டு 7 போனில் செயலி திறந்ததும் விழுந்தது. ஸ்டூடியோ கோடு போட்டு முன்கூட்டியே எச்சரித்திருந்தது. கவனிக்காமல் விட்டது தவறு. பில்ட் கோப்பில், புதிய வகைகளைப் பழைய போனுக்கும் தரும் ‘கோர் லைப்ரரி டீசுகரிங்’ அமைப்பை இயக்கி, அதற்கான லைப்ரரி வரியைச் சேர்த்தால் பழைய போனிலும் ஓடும்.

தேதி தேர்வுப் பெட்டியில் இதற்கு நேர்மாறான பொறி. கூகுளின் திரை வடிவமைப்புத் தொகுப்பான மெட்டீரியல் 3இன் டேட் பிக்கர், தேர்ந்தெடுத்த நாளின் யுடிசி நள்ளிரவை மில்லிவினாடியாகத் தருகிறது. அங்கே 8,64,00,000ஆல் வகுப்பதுதான் சரி. தொடக்கத் தேதியையும் அதே முறையில், யுடிசி நள்ளிரவாகக் கொடுக்க வேண்டும். இப்போதைய நேரத்தை அப்படியே கொடுத்தால் அதிகாலையில் நேற்று தேர்வாகி நிற்கும்.

இதைச் சோதிக்கப் போன் கடிகாரத்தைக் கையால் மாற்றுவது வேண்டாத வேலை. தேதி கணக்கிடும் செயலுக்கு ‘கிளாக்’ ஒன்றை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதினால், யூனிட் டெஸ்டில் எந்த நேரத்தையும் நிறுத்திவைக்கலாம். நள்ளிரவு 12.01, காலை 5.29, 5.31, இரவு 11.59 என்று நான்கு சோதனைகள். போன் தேவையில்லை; கணினியிலேயே சில வினாடிகளில் முடியும். விலை மாற்றத்துக்கும் இதே போல ஆறு சோதனைகள் எழுதியாயிற்று. மேலே சொன்ன ரூ. 1,215 அவற்றில் ஒன்று.

தேதியைத் திருத்தியும் சில காலைகளில் நேற்றைய பக்கமே திறந்தது. இது வேறு பிழை. செயலியை அவர் மூடுவதில்லை. இரவு அப்படியே விட்டு, காலையில் திரையைத் திறக்கிறார். ‘இன்று’ என்பதை, திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூ மாடல் பிறக்கும்போது ஒருமுறைதான் கணக்கிட்டிருந்தது. வியூ மாடல் இரவு முழுக்க உயிரோடு இருந்தால் தேதியும் பழையதே. திரை மீண்டும் முன்னுக்கு வரும் ஒவ்வொரு முறையும், அதாவது ‘ரெசியூம்’ நிலையில், தேதியைப் புதிதாக வாங்கும்படி மாற்றியதும் சரியானது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2 ஜிபி போனில் புது வீடு சேர்க்கும் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு ஒரு அழைப்பை எடுத்தால், நினைவகம் போதாமல் சிஸ்டம் செயலியையே நிறுத்திவிடும். திரும்பி வந்தால் படிவம் காலி. போனைத் திருப்புவதை வியூ மாடல் தாங்கும். சிஸ்டம் இப்படிச் செயலியையே நிறுத்தும் புரொசஸ் சாவைத் தாங்காது. பாதி நிரப்பிய எழுத்துகளை ரிமெம்பர் சேவபிள் அல்லது ‘சேவ்டு ஸ்டேட் ஹேண்டில்’ உள்ளே வைக்க வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ என்பதை இயக்கிவிட்டு எல்லாத் திரையையும் ஒரு சுற்று பார்த்தால் ஆக்டிவிட்டி அழியும்போது தொலைவதெல்லாம் தெரிந்துவிடும். புரொசஸ் சாவையே பார்க்க, செயலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபி வழியாக அதன் புரொசஸை நிறுத்தித் திரும்பத் திறக்க வேண்டும்.

தமிழ் எழுத்தும் சில்லறை வேலைகளும்

வீட்டுப் பெயருக்கு முன் வட்டத்துக்குள் முதலெழுத்து காட்டலாம் என்று எழுதியதில் கோமதி வீடு ‘க’ என்று வந்தது. ‘கோ’ என்பது கணினிக்கு இரண்டு குறியீடு: ககரமும் ஓகாரக் குறியும். முதல் குறியீட்டை மட்டும் எடுத்தால் உயிர்க்குறி அறுந்துவிடும். எழுத்து எல்லைகளைக் கண்டறியும் பிரேக் இட்டரேட்டரின் கேரக்டர் வகையைப் பயன்படுத்தினால் முழு எழுத்தாக வெட்டும். பட்டன்களுக்கு உயரத்தைக் கட்டிப்போடாதீர்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு ‘கு’, ‘ரு’ போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படும். குறைந்தபட்ச உயரம் கொடுத்து மற்றதை வளரவிட வேண்டும். ‘சேமிக்கவும்’ என்பதைவிட ‘சேமி’ போதும்.

ஆண்ட்ராய்டு 15 போனில் மட்டும் சேமி பட்டன் கீழே நேவிகேஷன் பட்டைக்குள் புதைந்தது. டார்கெட் எஸ்டிகே 35 வைத்த (ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைத்து எழுதிய) செயலி அந்தப் போனில் திரை விளிம்புவரை விரியும். திரைச் சட்டமான ‘ஸ்காஃபோல்ட்’ தரும் உள் இடைவெளி மதிப்பை உள்ளடக்கத்துக்குக் கொடுத்தால் தீரும். அந்த மதிப்பை வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டிருந்ததே காரணம்.

மாத ரசீதை எஸ்எம்எஸ்ஸாக அனுப்ப அனுமதி கேட்கவில்லை. அந்த அனுமதிக்குப் பிளே ஸ்டோரில் கடும் கட்டுப்பாடு. ரசீதை எழுத்தாகத் தயாரித்து, வேறு செயலிக்கு அனுப்பும் ‘ஷேர்’ இன்டென்ட்டில் கொடுத்தால் வாட்ஸ்அப்போ எஸ்எம்எஸ்ஸோ அவரே தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். அனுமதி எதுவும் வேண்டாம்.

சாவி

வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் இடம் இது. இங்கே சாவி என்பது அட்டவணைச் சாவி அல்ல, செயலியைத் தந்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பச் சாவி. சோதனைக்கு என்று முதலில் கொடுத்தது டிபக் ஏபிகே, அதாவது சோதனைப் பதிப்பின் நிறுவல் கோப்பு. அது கணினியில் தானாக உருவான டிபக் சாவியால் கையொப்பமிட்டது. பின்னர் சொந்தச் சாவியில் கையொப்பமிட்ட ரிலீஸ் ஏபிகேயை மேலே நிறுவப் போனால் போன் மறுத்தது. சாவி மாறினால் ஆண்ட்ராய்டு அதைப் புதுப்பிப்பாக ஏற்காது. பழையதை நீக்கினால்தான் புதியது ஏறும். நீக்கினால் கணக்கு போகும். உள்ளே ஏற்கெனவே மூன்று வாரக் கணக்கு.

செய்தது இது: அதே டிபக் சாவியில், ஏற்றுமதி வசதி மட்டும் கூட்டிய ஒரு பதிப்பை மேலே போட்டு, எல்லா அட்டவணையையும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்து) கோப்பாக வெளியே எடுத்து, பழையதை நீக்கி, ரிலீஸை நிறுவி, இறக்குமதி செய்தது. அதற்கு முன் காப்புக்காக ஸ்டூடியோவின் டிவைஸ் எக்ஸ்ப்ளோரர் வழியே டேட்டாபேஸ் கோப்பையும் நகலெடுத்துக்கொண்டோம். டிபக் பில்டில் இது முடியும். நகலெடுக்கும்போது டேட்டாபேஸ் கோப்போடு ‘-wal’ என்று முடியும் துணைக் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். கடைசியாக எழுதியவை பலவும் அதில்தான் இருக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் எடுத்தால் சில நாள் கணக்கு குறையும்.

ரிலீஸ் பில்டில், பயன்படாத நிரலை நீக்கும் ஆர்8 சுருக்கத்தை இயக்கியதும் கோப்பின் அளவு வெகுவாகக் குறைந்தது. பழைய போனில் பட்டியல் நகர்வதில் இருந்த தடுமாற்றமும் போனது. கம்போஸ், டிபக் பில்டில் மெதுவாகவே ஓடும். வேகத்தை ரிலீஸில் மட்டும் அளந்து பாருங்கள். டிபக்கில் பார்த்துவிட்டு நிரலை மாற்றி எழுதத் தொடங்கியது இரண்டு மாலைகளைத் தின்றது.

செலவு: ஒரு டேட்டா கேபிள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இலவசம். ஒரே ஒருவர் பயன்படுத்துவது என்பதால் பிளே ஸ்டோருக்கு அனுப்பவில்லை. அனுப்புவதானால் கணக்கு தொடங்க ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஏபிகே அல்ல, பிளே ஸ்டோருக்கான தொகுப்பு வடிவமான ஏஏபி கோப்பு வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் பங்கேற்கும் மூடிய சோதனையும் கட்டாயம். ஆளைத் திரட்ட நேரம் பிடிக்கும் என்பதால் இதை முன்கூட்டியே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மறுபடி தொடங்கினால்

ரிலீஸ் சாவியை முதல் நாளே உருவாக்கி, கணினிக்கு வெளியே இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு, முதல் ஏபிகேயையே அதில் கையொப்பமிட்டுத் தருவேன். டிபக் பதிப்பின் பேக்கேஜ் பெயருக்கு ஒரு பின்னொட்டு சேர்த்தால் இரண்டும் ஒரே போனில் அருகருகே இருக்கும், மோதாது. திரை எழுதும் முன் அவருடைய நோட்டைப் பார்ப்பேன். ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். தேதி, விலை, தொகை மூன்றையும் ஆண்ட்ராய்டு வாசனையே இல்லாத தனிக் கோட்லின் கோப்புகளில் சோதனையோடு எழுதிவிட்டுத்தான் திரைக்குப் போவேன்.

ஏற்றுமதி வசதி முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் தானியங்கிக் காப்பு, செயலிக்கு 25 எம்பி வரை கூகுள் டிரைவில் வைக்கும். இந்தக் கணக்குக்கு அது தாராளம். ஆனாலும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சிஎஸ்வி கையில் இருப்பது வேறு. அந்தக் கோப்பின் தொடக்கத்தில் யுடிஎஃப்-8 எழுத்துமுறை என்று காட்டும் பிஓஎம் குறியைச் சேர்க்காவிட்டால் எக்செல் தமிழ்ப் பெயர்களைக் குப்பையெழுத்தாகத் திறக்கும். கோப்பைப் பகிர ‘ஃபைல் புரொவைடர்’ வழியாகவே போக வேண்டும். நேரடிக் கோப்பு முகவரியைக் கொடுத்தால் ஆண்ட்ராய்டு 7 முதல் செயலி விழும்.

அவருடைய மகன் போனிலும் இதே கணக்கு தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்கு சர்வர் வேண்டும், ஒரே வீட்டை இருவரும் ஒரே வேளையில் திருத்தினால் எது நிற்கும் என்ற முடிவும் வேண்டும். இப்போதைக்கு மாதம் முடிந்ததும் சிஎஸ்வியை அனுப்பி, மகன் போனில் இறக்குமதி செய்துகொள்கிறார்கள்.